கடன் கட்ட முடியாத காலம்: ஓடி ஒளிய வேண்டாம், கணக்குப் போடுவோம்



குழுக் கூட்டங்களில் கடன் வாங்குவது பற்றி நிறைய பேசுகிறோம். யாருக்கு எவ்வளவு, எத்தனை தவணை, என்ன தொழில் என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். கட்ட முடியாமல் போனால் என்ன செய்வது என்று மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. கஷ்டம் வந்தவர் கூட்டத்துக்கு வருவதை முதலில் நிறுத்துகிறார். பிறகு போனை எடுப்பதில்லை. ஒருநாள் வீடு பூட்டிக் கிடக்கிறது. சில வீடுகளில் அதைவிட மோசமான முடிவும் நடந்துவிடுகிறது.

வீட்டுக்காரருக்கு விபத்து, மாடு செத்துப் போனது, மழை பொய்த்தது, மகள் பிரசவத்தில் ஆஸ்பத்திரி செலவு. இதெல்லாம் யாருக்கும் வரலாம். கட்ட முடியாமல் போவது குற்றம் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் என்ன வழி இருக்கிறது என்று தெரியாமல் இருப்பது ஆபத்து. ஆகவே இந்த மாதப் பாடத்தை அதற்கே எடுத்துக்கொண்டோம். கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசுங்கள்.

1. மறைக்காமல் எழுதுவோம்

முதல் வேலை, எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுவது. நாங்கள் போகிற ஊர்களில் பல வீடுகளில் மனைவி வாங்கிய கடன் கணவருக்குத் தெரியாது, கணவர் வாங்கியது மனைவிக்குத் தெரியாது. இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். ஒவ்வொரு கடனுக்கும் ஐந்து விவரம் வேண்டும்: யாரிடம் வாங்கியது, பாக்கி எவ்வளவு, வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், ஈடாக என்ன கொடுத்திருக்கிறோம் (நகை, பத்திரம், புரோநோட்டு, செக்). கைமாத்து, மளிகைக்கடை பாக்கி, சீட்டுப் பாக்கி எதையும் விட வேண்டாம்.

2. வட்டியை ஒரே அளவில் அளப்போம்

ஒருவர் ‘ரெண்டு வட்டி’ என்பார். ஒருவர் ‘12 சதவீதம்’ என்பார். தண்டல்காரர் வட்டி என்றே சொல்லமாட்டார். எல்லாவற்றையும் வருஷ சதவீதமாக மாற்றிப் பார்த்தால்தான் எது பெரிய முதலை என்று தெரியும்.

• 1 வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய். வருஷத்துக்கு 12 சதவீதம்.
• 3 வட்டி என்றால் 36 சதவீதம். 5 வட்டி என்றால் 60. 10 வட்டி என்றால் 120 சதவீதம்.
• தண்டலில் ரூ.8,500 கையில் கொடுத்து, தினம் ரூ.100 வீதம் 100 நாளில் ரூ.10,000 வாங்கினால், பார்ப்பதற்கு 1,500 ரூபாய்தான். ஆனால் கட்டக் கட்ட நம் கையில் இருக்கும் பணம் குறைந்துகொண்டே வருகிறது. அதைக் கணக்கில் எடுத்தால் வருஷத்துக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.
• ‘12 சதவீதம் பிளாட்’ என்றால் கட்டி முடித்த அசலுக்கும் கடைசி வரை வட்டி போடுகிறார்கள் என்று பொருள். ரூ.30,000 வாங்கி மாதம் ரூ.2,800 வீதம் 12 மாதம் கட்டினால் மொத்தம் ரூ.33,600. குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது சுமார் 21 சதவீதம்.

3. எந்தக் கடனை முதலில் பார்ப்பது?

யார் அதிகமாகச் சத்தம் போடுகிறாரோ அவருக்குத்தான் நாம் முதலில் கட்டுகிறோம். அது சரியான வழி இல்லை. வட்டி அதிகமான கடனையும், கட்டாவிட்டால் வீடோ நிலமோ நகையோ போய்விடும் என்ற கடனையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாத வருமானம் முன்பு ரூ.16,000. வீட்டுக்காரர் படுத்துவிட்டதால் இப்போது ரூ.9,000. கடன்கள் இப்படி:

• தனியாரிடம் ரூ.20,000, 5 வட்டி: மாதம் வட்டி மட்டும் ரூ.1,000
• அடகுக் கடையில் நகைமேல் ரூ.60,000, 2 வட்டி: மாதம் வட்டி ரூ.1,200
• நுண்கடன் நிறுவனத்தில் பாக்கி ரூ.32,000: மாதத் தவணை ரூ.2,400
• குழுக்கடன் பாக்கி ரூ.15,000, 1 வட்டி: அசல் ரூ.1,000, வட்டி ரூ.150

மொத்தம் மாதம் ரூ.5,750. மிச்சம் ரூ.3,250-ல் அரிசி, மருந்து, பள்ளிக்கூடம் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. அப்போது இன்னொரு இடத்தில் புதுக்கடன் வாங்கத் தோன்றும். இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள்.

இதையே மாற்றி அமைத்துப் பார்ப்போம். 5 வட்டிக் கடனைக் குழுவில் 1 வட்டிக்குக் கடன் வாங்கி அடைத்துவிட்டு, அதே ரூ.1,000-ஐ மாதா மாதம் குழுவுக்குக் கட்டுகிறார். 23 மாதத்தில் அசலும் வட்டியும் முழுவதும் முடிந்துவிடும். தனியாரிடமே இருந்திருந்தால் 23 மாதத்தில் ரூ.23,000 கட்டியிருப்பார். அசல் ரூ.20,000 அப்படியே நின்றிருக்கும்! இந்த ஒரு கணக்கை எல்லோரும் நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்.

அடகுக் கடை நகையை மீட்டுக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ ஏறக்குறைய 1 வட்டிக்கு வைத்தால் மாதம் ரூ.1,200 என்பது ரூ.600 ஆகும். பழைய குழுக்கடனுக்கு மூன்று மாதம் வட்டி மட்டும் கட்ட குழு அனுமதித்தால் அது ரூ.150. இப்போது மொத்தம் ரூ.4,150. நுண்கடன் நிறுவனம் தவணையை ரூ.1,600 ஆக நீட்டிக்கச் சம்மதித்தால் ரூ.3,350. சம்மதிக்காவிட்டாலும் வருமானத்தில் பாதிக்குள் வந்துவிட்டோம்.

ஒன்று கவனியுங்கள். குறைந்த வட்டிக்கு வாங்கி அதிக வட்டிக் கடனை அடைப்பது நல்லது. ஒரு நுண்கடன் தவணை கட்ட இன்னொரு நுண்கடன் வாங்குவது குழி தோண்டி குழி மூடும் வேலை.

4. கடன் கொடுத்தவரிடம் என்ன கேட்கலாம்?

வங்கியும் நிறுவனமும் நாலு விதமான சலுகையைப் பற்றிப் பேசும். நாலும் ஒன்றில்லை.

தள்ளிவைப்பு: சில மாதம் தவணை கட்ட வேண்டாம் என்பது. 2020-ல் கொரோனா நேரத்தில் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை 6 மாதம் இப்படி அனுமதித்தார்கள். பலர் தள்ளுபடி என்று நினைத்துவிட்டார்கள். அந்த மாதங்களுக்கும் வட்டி சேர்ந்தது.

காலநீட்டிப்பு: தவணைத் தொகையைக் குறைத்து மாதங்களைக் கூட்டுவது. மூச்சு விட நேரம் கிடைக்கும். மொத்த வட்டி கூடும். எவ்வளவு கூடும் என்று எழுத்தில் கேளுங்கள். வெள்ளம், வறட்சி என்று அரசு அறிவித்த பகுதிகளில் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்ற ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் இருக்கிறது.

ஒரே முறைத் தீர்வு: ‘இவ்வளவு கட்டு, மீதியை விட்டுவிடுகிறோம்’ என்பது. வாராக்கடன் ஆன பிறகுதான் பெரும்பாலும் இது வரும். கட்டினால் ‘கடன் பாக்கி இல்லை’ என்ற சான்று கட்டாயம் வாங்குங்கள். கடன் தகவல் பதிவில் ‘முழுதாகக் கட்டியவர்’ என்று வராது, ‘சமரசத்தில் முடித்தவர்’ என்று வரும். அடுத்த கடன் கிடைப்பது கஷ்டமாகலாம்.

தள்ளுபடி: இது அரசு முடிவு. 2021-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடனையும், கூட்டுறவு நிறுவனங்களில் இருந்த மகளிர் குழுக்கடனையும், 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடனையும் நிபந்தனைகளோடு தள்ளுபடி செய்தது. அடுத்தது எப்போது வரும், வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. அதை நம்பி தவணையை நிறுத்தக் கூடாது.

கேட்பதை வாயால் மட்டும் கேட்க வேண்டாம். மூன்று தவணை தவறும் முன்பே மனு எழுதிக் கொடுங்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று எழுதிவிடுவார்கள். மனு இப்படி இருந்தால் போதும்:

“ஐயா, என் கடன் எண் ……. இதுவரை …… தவணை தவறாமல் கட்டியிருக்கிறேன். …… தேதியில் என் கணவருக்கு விபத்து ஏற்பட்டதால் குடும்ப வருமானம் ரூ.…… ஆகக் குறைந்துவிட்டது. மருத்துவச் சீட்டு நகல் இணைத்துள்ளேன். மாதம் ரூ.…… என்னால் கட்ட முடியும். அதற்கேற்ப தவணையை மாற்றித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இரண்டு நகல் எடுத்து ஒன்றில் சீல், தேதி, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடன் எடுத்தபோது இன்சூரன்ஸ் பிடித்தார்களா என்றும் பாருங்கள். கணவரோ கடன் எடுத்தவரோ இறந்த வீட்டில் இன்சூரன்ஸ் இருப்பது தெரியாமல் முழுக்கடனையும் கட்டுவது உண்டு.

5. வீட்டு வாசலில் வசூல்காரர் நின்றால்

2022-ல் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்கு விதிகள் கொண்டுவந்தது. வருஷ வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஈடு இல்லாமல் கொடுக்கும் கடன் எல்லாம் இதில் அடங்கும். முக்கியமானவை:

• குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகும்படி புதுக்கடன் கொடுக்கக் கூடாது.
• வட்டி, கட்டண விவரம் நமக்குப் புரியும் மொழியில் எழுதித் தர வேண்டும்.
• முன்கூட்டியே கட்டினால் அபராதம் இல்லை. தாமத அபராதம் தவறிய தொகைக்குத்தான், முழுக்கடனுக்கும் இல்லை.
• பேசி முடிவு செய்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம்.
• காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. மிரட்டல், கெட்ட வார்த்தை, சொந்தக்காரர்களிடம் சொல்லி அவமானப்படுத்துவது, பெயரை ஊரறியப் போடுவது எதுவும் கூடாது.
• கட்டக் கஷ்டப்படுகிறவர்களைக் கண்டறிந்து, அவர்களுக்கு என்ன வழி என்று சொல்ல நிறுவனத்தில் ஏற்பாடு இருக்க வேண்டும்.

ஆகவே வசூலுக்கு வருபவரிடம் பயந்து ஒளிய வேண்டாம். “தம்பி, மேனேஜர்கிட்ட மனு கொடுத்திருக்கேன், இதோ நகல். என்னால முடிஞ்சது இவ்வளவு, ரசீது போடுங்க” என்று நிதானமாகச் சொல்லுங்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். விவரம் கேட்க எண் 14448.

6. நகைக்கடன்

வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதிகள் வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்குக் கொண்டுவரச் சொன்னது. நம் முன்னால்தான் நகையை எடைபோட்டுத் தரம் பார்க்க வேண்டும். ஏலத்துக்கு முன் நோட்டீஸ் கொடுத்து, கட்ட அவகாசம் தர வேண்டும். ஏலத்தில் கடனுக்கு மேல் கிடைத்த பணம் நமக்குச் சொந்தம், அதைத் திருப்பித் தர வேண்டும். கடனை முடித்தால் அன்றே நகையைத் தர வேண்டும், மிஞ்சினால் 7 வேலை நாள். அவர்கள் தவறால் தாமதமானால் நாள் ஒன்றுக்கு ரூ.5,000 நமக்குத் தர வேண்டும்.

விலாசம் மாறினால் உடனே கிளையில் சொல்லுங்கள். நோட்டீஸ் பழைய விலாசத்துக்குப் போய், நகை ஏலம் போன பிறகு அழுது பயன் இல்லை. மீட்க வழியே தெரியாத நகைக்கு வருஷக்கணக்காக வட்டி கட்டுவதைவிட, ஒரு நகையை விற்று மற்றதை மீட்பது சில வீட்டுக்கு லாபம். நகையை விற்பது மானக்கேடு இல்லை. கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள்.

7. நிலமும் வீடும்

ஒத்தி (சில ஊரில் போக்கியம்): பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதில் நிலத்தை அனுபவிப்பார். அசலைக் கொடுத்தால் நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். அடமானப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகி இருக்க வேண்டும். ‘கெடு தாண்டிடுச்சு, நிலம் இனி எனக்குத்தான்’ என்று ஒருவர் சொல்வதாலேயே நிலம் அவருக்குப் போய்விடாது. நீதிமன்றம் மூலமாகத்தான் எதுவும் செய்ய முடியும். மீட்டதும் ரசீதைப் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டுச் சரிபாருங்கள்.

பெரிய ஆபத்து வேறு ஒன்று. ‘கடனுக்கு ஈடுதான், சும்மா ஒரு கையெழுத்து’ என்று சொல்லிக் கிரயப் பத்திரமோ பவர் பத்திரமோ எழுதி வாங்குகிறார்கள். கிரயம் என்றால் விற்றுவிட்டோம் என்று அர்த்தம். வாய்வார்த்தையை நம்பாதீர்கள். பத்திரத்தின் தலைப்பைப் படித்த பிள்ளைகளை வைத்துப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும். வெற்றுப் புரோநோட்டு, வெற்றுச் செக்கும் அப்படித்தான்.

வங்கியில் வீட்டுப் பத்திரம் வைத்திருந்தால்: 2002-ம் வருஷ சர்பாசி சட்டப்படி, வாராக்கடன் ஆன பிறகு முதலில் 60 நாள் நோட்டீஸ் வரும். நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்புவது நமக்கே கேடு. வாங்கி, அந்த 60 நாளுக்குள் பதில் கொடுங்கள். வங்கி 15 நாளில் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கை எடுத்தால் 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகும் முன் பாக்கியைக் கட்டி மீட்கலாம். விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டப்படி நடவடிக்கை எடுக்க முடியாது. கடன் முழுதும் முடிந்தால் 30 நாளில் பத்திரம் கைக்கு வர வேண்டும் என்பது 2023-ல் வந்த விதி.

8. கந்துவட்டி

2003-ம் வருஷச் சட்டப்படி கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் என்று அநியாய வட்டி வாங்குவது குற்றம். 3 ஆண்டு வரை சிறை, ரூ.30,000 வரை அபராதம். வாங்கிய கடனையும் சட்டப்படியான வட்டியையும் நீதிமன்றத்தில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யவும் கேட்கலாம். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025-ல் தமிழ்நாட்டில் இன்னொரு சட்டம் வந்தது. அதில் 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம்.

காவல் நிலையத்தில் புகார் எடுக்காவிட்டால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகம், திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர்க்கும் நாள் என்று போகலாம். தனியாகப் போக வேண்டாம், நாலு பேர் சேர்ந்து போங்கள். கட்டிய பணத்துக்குச் சாட்சி வேண்டும். புரோநோட்டின் பின்னால் வரவு எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் சொந்த நோட்டிலாவது தேதி போட்டு எழுதுங்கள்.

பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்றத்தில் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, எண் 15100. மக்கள் நீதிமன்றத்தில் கட்டணம் இல்லாமல் பேசி முடிக்கலாம். ஆனால் அங்கே ஒத்துக்கொண்ட முடிவு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. கட்ட முடிகிற தொகைக்கு மட்டும் சம்மதியுங்கள்.

9. நம் குழு என்ன செய்கிறது?

வங்கியையும் நிறுவனத்தையும் கேள்வி கேட்கிறோம். நம் குழுவும் கடன் கொடுத்த இடம்தான். தவணை தவறிய உறுப்பினரைக் கூட்டத்தில் நிற்க வைத்துப் பேசுவது, வீட்டு வாசலில் போய் உட்காருவது, பாத்திரத்தை எடுத்து வருவது இவையெல்லாம் நடப்பது நமக்குத் தெரியும். மற்றவர்கள் கோபமும் நியாயம்தான். அவர் கட்டாததால் வங்கியில் குழுவின் பெயர் கெடுகிறது, அடுத்த கடன் நிற்கிறது. ஆனாலும் முடியாதவரையும் மனமில்லாதவரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

இரண்டு பேர் போய் நிலைமையைப் பார்த்து வரட்டும். உண்மையான கஷ்டம் என்றால், எத்தனை மாதம் வட்டி மட்டும், பிறகு மாதம் எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் நலிவுற்றோருக்கான நிதி இருந்தால் அதற்கும் மனு கொடுங்கள். கட்ட வசதி இருந்தும் கட்டாதவரிடம் கண்டிப்பாக இருங்கள், அதையும் தீர்மானத்தில் எழுதுங்கள்.

கூட்டத்துக்கு வராத உறுப்பினரைத் தேடிப் போவது பணத்துக்காக மட்டும் இல்லை. ‘இனி என்ன இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், அதைச் சும்மா பேச்சு என்று விடாதீர்கள். அன்று இரவு அவரைத் தனியாக விட வேண்டாம். 104 அல்லது 14416 எண்ணில் மனநல ஆலோசகரிடம் பேச வையுங்கள். எந்தக் கடனுக்கும் தவணை மாற்ற முடியும். போன உயிருக்கு அது முடியாது.

இந்த மாதக் கூட்டத்தில் பேச வேண்டியவை

1. நம் குழுவில் 3 வட்டிக்கு மேல் வெளிக்கடன் எத்தனை பேருக்கு இருக்கிறது? குழு நிதியில் எதை முதலில் அடைக்கலாம்?
2. ‘கஷ்ட காலத் தவணை’ என்று ஒரு விதி நம் குழுவில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றே தீர்மானம் போடலாமா?
3. ஒத்தியில் உள்ள நிலம் யார் யாருடையது? பத்திரம் பதிவாகி இருக்கிறதா?
4. கடந்த இரண்டு கூட்டத்துக்கு வராதவர் யார்? அவர் வீட்டுக்கு இன்று யார் போவது?

நாலாவது கேள்விக்குப் பதில் முடிவான பிறகே கூட்டத்தை முடியுங்கள்.